காலையில் மருந்து கொடுத்தீர்களா?

மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சு நின்று சில வாரங்கள் ஆகின்றன. ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாசல் கதவு. பேச்சு மட்டும் இல்லை.

காரணம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்ததுதான். கீழ் வீட்டு நர்ஸம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. மாடியில் இருப்பவள் அவள் புருஷனின் அக்கா. நர்ஸம்மா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். அண்ணியின் மகன் அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படிக்கிறான். ஒரே பருவத்தில் மூன்று தடவை அவனுக்குக் காய்ச்சல் என்று நர்ஸம்மா போன் போட்டாள். மூன்று தடவையும் அண்ணி ஓட்டல் சலவைக்கூடத்தில் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். கடைசித் தடவை அவள் வேலைக்குத் திரும்பிப் போனபோது, அவளுடைய இஸ்திரி மேசையில் வேறு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பையனுக்கு வந்தது காய்ச்சலே இல்லை. வெயிலில் ஓடியாடிய சூடு. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் தணிந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பாத்திருக்கலாமே" என்று அண்ணி கேட்டாள்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணி" என்றாள் நர்ஸம்மா.

அதுதான் கடைசியாகப் பேசிய பேச்சு.

விதியை எழுதியவளும் நர்ஸம்மாதான். காய்ச்சல் வந்த பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். மருந்தின் தயவில்லாமல் முழுசாக ஒரு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்பி வரலாம். மருந்து கொடுத்து மறைத்து அனுப்பக் கூடாது. பெரிய எழுத்தில் அச்சடித்துப் பள்ளிக்கூட வாசலில் அவளே ஒட்டினாள். பெற்றோர்கள் அவளுக்குக் காய்ச்சல் போலீஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வெளியில் முகம் சுளித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

இன்றைக்கு விடிந்ததும் மகள் சிட்டுவை எழுப்பப் போனவள், பழக்கத்தில் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

புருஷன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். "என்ன, சுடுதா?"

"லேசா."

"அப்ப லீவு போடு."

"இன்னிக்கா? கண் டாக்டருங்க வர்றாங்க. பள்ளிக்கூடம் முழுக்க செக்கப். நான் இல்லன்னா அங்க ஒரு துரும்பு நகராது. நீங்க போடுங்க."

"ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னு போச்சு. நோயாளிங்கள ஸ்ட்ரெச்சரோட படியில தூக்கிட்டுப் போறாங்க. எங்க முதலாளி ராத்திரியே ரெண்டு தடவை கூப்பிட்டாரு. நான் எப்படிப் போட முடியும்?" அவன் கட்டைவிரலை மேலே காட்டினான். "மாடியில அக்கா சும்மாதானே இருக்கா. விட்டுட்டுப் போ."

சும்மாதானே! அவளைச் சும்மா உட்கார வைத்தது யார் என்று இருவருக்கும் தெரியும். அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது.

அவன் போன பிறகு அவள் படிக்கட்டுக்குப் போனாள். முதல் படியில் கால் வைத்தாள். மேலே அண்ணி மகனைத் தலை வாரிவிட்டபடி ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். திட்டும் சிரிப்புமாகக் கேட்டது.

'அண்ணி, சிட்டுவுக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்கு ஒருநாள் பாத்துக்கறீங்களா?' அவ்வளவுதான் கேட்க வேண்டும். அண்ணி முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் இல்லை. சொல்ல மாட்டாள். 'ஆகட்டும், விட்டுட்டுப் போ' என்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை நினைத்ததும் வைத்த கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

அலமாரியைத் திறந்து காய்ச்சல் சிரப்பை எடுத்தாள். எந்தெந்தத் தாய் எந்தெந்தப் பிள்ளைக்கு ஊற்றி அனுப்புகிறாள் என்று மோந்து பார்த்தே கண்டுபிடிக்கிறவள் அவள். குடித்த கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கும், மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஊற்றிக் கொடுத்துவிட்டு, சிட்டுவை நன்றாக வாய் கொப்பளிக்கச் சொன்னாள்.

"சிட்டு, யாராச்சும் கேட்டா மருந்து குடிச்சேன்னு சொல்லாதே."

"ஏம்மா?"

"சொன்னா அம்மாவுக்குத் திட்டு விழும்."

சிட்டுவுக்கு ஏழு வயசு. அம்மாவுக்குத் திட்டு விழும் என்றதும் கண்ணை அகல விரித்துத் தலையாட்டினாள்.

* * *

பள்ளிக்கூட வாசலில் கூட்டம் நெரிந்தது. நர்ஸம்மா வழக்கம்போல கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சிட்டு உள்ளே போய்விட்டாள். மகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு டாக்ஸி டிரைவர் தன் மகனை இறக்கிவிட்டான். பையனின் கண் செருகலாக இருந்தது. நர்ஸம்மா குனிந்து, "வாயைத் திற கண்ணு" என்றாள். ஆரஞ்சு வாசனை.

"காலையில மருந்து குடுத்தீங்களா?"

"இல்லயே மேடம்."

"சார், நான் இதையே வருஷக்கணக்கா பாக்கறவ. குடுத்தீங்களா?"

அவன் இடமும் வலமும் பார்த்தான். பிறகு குரலை இறக்கினான். "ஒரே ஒரு மூடி மேடம். இவன் அம்மா ஊர்ல இல்ல. இவன வெச்சுக்கிட்டு நான் வண்டி ஓட்ட முடியாது. இன்னிக்கு ஒருநாள் விட்ருங்க."

"உங்களுக்கு விட்டா அடுத்தவங்களுக்கும் விடணும். உள்ள பலவீனமான பிள்ளைங்க இருக்காங்க. கூட்டிட்டுப் போங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு இழைகூட நடுங்கவில்லை. அதுதான் அவளையே திடுக்கிட வைத்தது. அவன் மகனைப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டு, கதவை ஓங்கி அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

பலவீனமான பிள்ளைகள் என்று அவள் சும்மா சொல்லவில்லை. சிட்டுவின் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மாஸ்க் தம்பி என்றால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். சிறுநீரகம் மாற்றிய பிள்ளை. பெற்றவளே தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருந்தாள். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் தினமும் மருந்து சாப்பிட வேண்டும். அதே மருந்து நோயை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடும். மற்றவர்களுக்குச் சாதாரண அம்மை, அவனுக்கு ஆஸ்பத்திரிவாசம். அதற்கு மேலும் ஆகலாம்.

அவன் அம்மா அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள். நர்ஸம்மாதான் வீடு தேடிப் போனாள். "வாசல்ல நான் நிக்கறேன். என்னைத் தாண்டி ஒரு காய்ச்சல் உள்ள வராது" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வி வந்தபோது, நர்ஸம்மா தன் மகளையே உட்கார வைத்தாள். என் வீட்டுப் பிள்ளையைவிடச் சுத்தமான பிள்ளை எங்கே கிடைக்கும் என்ற பெருமை.

கண் பரிசோதனைக்கு இரண்டாம் வகுப்பு வரிசையாக வந்தது. மாஸ்க் தம்பியும் சிட்டுவும் கை கோத்துக்கொண்டு நின்றார்கள். சிட்டு அவன் காதில் என்னவோ சொல்ல, அவன் மாஸ்க்குக்குள் குலுங்கிச் சிரித்தான்.

சிட்டுவைக் கூப்பிட்டுத் தள்ளி நிறுத்தலாம் என்று நர்ஸம்மா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நர்ஸம்மா! டாக்டருக்கு ஸ்விட்ச் போர்டு எங்க இருக்குன்னு காட்டுங்க!" என்று தலைமையாசிரியை கூப்பிட்டாள்.

நர்ஸம்மா திரும்பிப் போனாள். திரும்பி வந்தபோது வரிசை நகர்ந்திருந்தது.

* * *

மத்தியான மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வகுப்பு டீச்சர் சிட்டுவைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அனலா கொதிக்குது மேடம். சாப்பாட்டுல கைகூட வெக்கல."

சிக் ரூமில் இரண்டு கட்டில், ஒரு திரை, ஒரு குழாய். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிலில் எத்தனையோ பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறாள். தன் பிள்ளையைப் படுக்க வைத்ததில்லை.

டீச்சர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். எல்லாவற்றையும் நர்ஸம்மாவிடமே கற்றுக்கொண்டவள். கற்றுக்கொண்டபடியே கேட்டாள்: "காலையில மருந்து எதுவும் குடுத்தீங்களா மேடம்? கேக்கணும்ல, அதான்."

"இல்ல. காலையில நல்லாத்தான் இருந்தா."

சொல்லி முடித்த பிறகுதான் சிட்டுவின் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த முகம். டீச்சர் போகும்வரை சிட்டு பேசாமல் இருந்தது. போனதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரகசியமாக, "நான் சொல்லலம்மா" என்றது.

நர்ஸம்மா அதன் கையைக் கழுத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

கூட்டிப் போக ஆள் வேண்டும். புருஷனுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. லிஃப்ட் குழிக்குள் இருப்பான். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டாவது ஆள் மாடி அண்ணிதான். நர்ஸம்மா கூப்பிடத் தயங்க, தலைமையாசிரியையே போன் போட்டுவிட்டாள்.

அண்ணி வந்தாள். வேலைக்குப் போகும் நாளில் கட்டும் புடவை. எங்கேயோ வேலை கேட்டுப் போக இருந்தவளை நடுவில் இழுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள். "என் தங்கமே, அத்தை வந்துட்டேன்" என்று சிட்டுவை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வேர்வையைத் துடைக்கச் சட்டையை உயர்த்தினாள். கை அப்படியே நின்றது.

சிட்டுவின் வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டில் தண்ணீர் கோத்திருந்தது.

"சின்னம்மை" என்றாள் அண்ணி.

"ஊசி போட்டிருக்கே" என்றாள் நர்ஸம்மா. ஊசி போட்ட பிள்ளைக்கும் சில நேரம் வரும் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"காலையில தெரியலயா உனக்கு?"

"காலையில இது இல்ல."

"காய்ச்சல்?"

நர்ஸம்மா திரையை இழுத்து விட்டாள்.

அண்ணி சிட்டுவின் முகத்தைத் திருப்பினாள். "கண்ணு, காலையில அம்மா மருந்து குடுத்தாங்களா?"

சிட்டு அம்மாவைப் பார்த்தது. அத்தையைப் பார்த்தது. பிறகு அழ ஆரம்பித்தது.

அதற்கு மேல் அண்ணி கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டு எழுந்தாள். வாசல்படி வரை போய் நின்று, திரும்பாமலே பேசினாள்.

"ஒரு சத்தம் குடுத்திருந்தா இறங்கி வந்திருப்பேனே. படிக்கட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனியே, அது எனக்குக் கேட்டுச்சு. நீ என்னமோ கேக்கத்தான் வர்றன்னு நெனச்சு அடுப்பக் கூட அணைச்சுட்டு நின்னேன்."

* * *

சாயங்காலம் டாக்டரும் சின்னம்மைதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது என்று அண்ணி காதுபடவே சொன்னார். சிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஈரத்துணி மாற்றிக்கொண்டு கூடவே இருந்தாள். நர்ஸம்மா தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி கூடத்தில் நின்றாள்.

புருஷன் கையெல்லாம் கிரீஸோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் மகளைப் போய்ப் பார்த்தான். வெளியே வந்தான்.

"மருந்து குடுத்தா அனுப்பின?"

"லீவு போட மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் லீவு இல்லன்னு சொன்னேன். திருட்டுத்தனம் பண்ணச் சொல்லல. ஊருக்கெல்லாம் விதி எழுதி ஒட்டினது நானா நீயா?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

போன் அடித்தது. தலைமையாசிரியை.

"நர்ஸம்மா, மாஸ்க் தம்பி வீட்டுக்கு உடனே சொல்லிடணும். நீங்களே பேசுங்க. உங்க மேலதான் அந்தம்மாவுக்கு நம்பிக்கை. பிள்ளை பேரைச் சொல்ல வேண்டாம். அது விதி, உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா பக்கத்துல இருந்தானா, தள்ளி இருந்தானாங்கறத மட்டும் சரியா சொல்லிடுங்க. அத வெச்சுத்தான் அவங்க டாக்டர் முடிவு பண்ணுவாரு."

"சரி மேடம்."

எண்ணைப் போடும்போது உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். சத்தியமாக அப்படித்தான் இருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"சொல்லுங்க நர்ஸம்மா!" அந்தப் பக்கம் குரல் சந்தோஷமாக வந்தது. "இவன் வந்ததுலேர்ந்து ஒரே பேச்சு. கண்ணு நல்லா தெரியுதாம், டாக்டர் கைகுடுத்தாராம்."

"ஒரு விஷயம் சொல்லணுங்க. பயப்படாதீங்க. அவங்க வகுப்புல ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை."

சந்தோஷம் அப்படியே அறுந்தது. 

"எந்தப் பிள்ளைக்கு?"

"பேரு சொல்லக் கூடாதுங்க. விதி."

"ஆமா, ஆமா. மன்னிச்சிடுங்க. பதட்டத்துல கேட்டுட்டேன்." அவள் தன்னைத்தானே சமாளித்துக்கொண்டாள். "எங்க டாக்டர் முன்னாடியே சொல்லி வெச்சிருக்காரு. பக்கத்துல உக்காந்த பிள்ளைக்கு வந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும், ஊசி போடணும். எங்கயோ தள்ளி இருந்த பிள்ளைன்னா போன்ல கேட்டுட்டு, காலையில வந்தாப் போதும்னாரு. பக்கத்துல இருந்த பிள்ளையா நர்ஸம்மா?"

பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் என்று சொன்னால் பேரைச் சொன்ன மாதிரி. பேர் தெரிந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை பேரைக் கேட்ட கேள்வி. இந்தப் பெண் வாயிலிருந்து அதைக் கேட்க அவளால் முடியாது.

"இல்லைங்க" என்றாள். "தள்ளி உக்கார்ற பிள்ளை."

"அப்பாடா!" மூச்சு விட்ட சத்தம் காதில் அறைந்தது. "உங்க சிட்டு பாதியில வீட்டுக்குப் போயிட்டான்னு இவன் சொன்னான். நான் ஒரு நிமிஷம் அவளுக்குத்தானோன்னு..."

"அவளுக்கு வயித்து வலி."

"பாவம். இப்ப பரவாயில்லையா? பாத்துக்கோங்க. நீங்க ஊர்ப் பிள்ளைங்களப் பாக்கறீங்க, உங்க பிள்ளையப் பாக்க ஆள் வேணுமே." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. வேற யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். இந்நேரம் இவனைத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். நீங்க சொல்றதால நிம்மதியா இருக்கேன்."

நர்ஸம்மா "வெச்சிடறேங்க" என்றாள்.

திரும்பினால், உள்ளறை வாசலில் அண்ணி. கையில் ஈரத்துணி. அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளி உக்கார்ற பிள்ளையா?" என்றாள்.

"அண்ணி, எனக்கு வேலை போயிடும்."

"எனக்குப் போச்சு. செத்தா போயிட்டேன்?"

நர்ஸம்மா தலை குனிந்தாள்.

"வேலியே பயிர மேஞ்சாக்கூடப் பரவாயில்ல. மேஞ்சது யாருன்னு கேட்டா அடுத்த வீட்டு மாட்டக் காட்டறியே!" அண்ணி துணியைக் கொடியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். "அந்தப் பொண்ணு வீடு எனக்குத் தெரியும். தண்ணி டேங்குக்குப் பின்னாடி, மாடியில. கிழிசல் தைக்க எங்க ஓட்டல்லேர்ந்து துணி எடுத்துட்டுப் போனவதானே."

"அண்ணி, வேண்டாம். காலையில நானே சொல்லிடறேன். பழி வாங்க இதுவா நேரம்?"

அண்ணி ஒரு செருப்பை மாட்டியபடி நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நர்ஸம்மா அதை எதிர்பார்க்கவில்லை.

"பழின்னே வெச்சுக்கோ. எனக்குள்ள அது இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். உன்னை நெனச்சு எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? ஆனா காலையில வரைக்கும் அந்தக் குழந்தை காத்திருக்கக் கூடாதுன்னு சொன்னது டாக்டரு, நான் இல்ல. நான் நடந்து போய்ச் சேரறதுக்குள்ள நீ சொல்லிட்டின்னா, நான் பாதி வழியில திரும்பிடுவேன். போன் உன் கையிலதான் இருக்கு."

மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சிட்டு தூக்கத்தில் முனகியது.

நர்ஸம்மா வெகு நேரம் நிற்கவில்லை. அதை மட்டும் அவளுக்காகச் சொல்லலாம். அதே எண்ணை அழுத்தினாள். நானே சொல்கிறேன், என் வாயாலேயே சொல்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் லைன் பிஸி என்ற சத்தம்தான் வந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே சத்தம். அந்தத் தாய் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். யாருடன் என்று நர்ஸம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'தள்ளி உக்கார்ற பிள்ளைதானாம் டாக்டர், நர்ஸம்மாவே சொன்னாங்க' என்று அவள் இந்நேரம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.